வாங்குவதா, வைத்திருப்பதா, விற்பதா: கனடியப் பங்குகளில் தனிமனித முதலீட்டாளரும் ஆலோசனையின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

கனடியப் பங்குகளில் பணம் இட்டுள்ள தனிமனித முதலீட்டாளர் எழுப்பும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இந்தப் பங்கை வாங்கலாமா, வைத்திருக்கலாமா, விற்கலாமா? இக்கேள்வி பங்கைப் பற்றியது போல் ஒலிப்பினும், விடையின் பெரும்பகுதி கேட்பவரைச் சார்ந்தே அமைகிறது. பங்கை அறிந்தவர் கேட்பவரை அறியாதவராகவும், கேட்பவரை அறியக்கூடியவர் பங்கைப் பற்றிப் பேசும் உரிமை அற்றவராகவும் இருக்கும் நிலை கனடிய ஒழுங்குமுறையில் உள்ளது. இவ்விடைவெளியைப் பி.சி.இ. நிறுவனப் பங்கின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கனடியப் பங்குச்சந்தை, தனிமனித முதலீட்டாளர், ஈவுத்தொகை, மூலதன ஆதாய வரி, பொருத்தப்பாடு, முதலீட்டு ஆலோசனை.

முன்னுரை

2025ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், பெல் தொலைபேசி நிறுவனத்தின் தாய் நிறுவனமான பி.சி.இ., தன் ஆண்டு ஈவுத்தொகையைப் பங்கொன்றுக்கு 3.99 டாலரிலிருந்து 1.75 டாலராகக் குறைத்தது. பாதிக்கும் மேற்பட்ட வெட்டு இது. 2022ஆம் ஆண்டின் இளவேனிலில் 70 டாலரைத் தாண்டி விற்ற அப்பங்கு, இவ்வறிவிப்பின்போது 30 டாலர் அளவில் இருந்தது. ஓய்வுக்காலத்தில் மாதச் செலவுக்கு இந்த ஈவுத்தொகையை நம்பியிருந்தோர் கனடாவில் ஏராளம். அவர்கள் ஒவ்வொருவர் முன்னும் அன்று நின்றது ஒரே கேள்வி: விற்றுவிடுவதா, வைத்திருப்பதா, விலை தாழ்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் வாங்குவதா?

ஒரே நிறுவனம், ஒரே விலை, ஒரே நாள். ஆயினும் அவர்கள் அனைவருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஏன் இல்லை என்பதும், அவரவர்க்குரிய விடையை யாரிடம் கேட்கலாம் என்பதும் தெளிவுபடுத்தப்பட வேண்டியவை.

ஆலோசனை கூறும் உரிமை

கனடாவில் பங்குப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாகாணங்களிடம் உள்ளது. நாடு முழுமைக்கும் ஒரே ஆணையம் அமைக்க நடுவண் அரசு கொணர்ந்த சட்ட வரைவு அதன் அதிகார வரம்பைக் கடந்தது என்று 2011ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. எனவே மாகாண, ஆட்புல ஆணையங்கள் பதின்மூன்றும் ஒரு கூட்டமைப்பாக இணைந்து பொது விதிகளை வகுக்கின்றன. தரகு நிறுவனங்களையும் பரஸ்பர நிதி விற்பனையாளர்களையும் மேற்பார்வையிட்டுவந்த இரு தன்னொழுங்கு அமைப்புகள் 2023 ஜனவரி 1 முதல் ஒன்றாக இணைந்தன. அவ்வமைப்பு இன்று சிரோ எனப்படுகிறது.

இவ்விதிகளின் அடிப்படை வேறுபாடு ஒன்றை முதலீட்டாளர் அறிந்திருப்பது இன்றியமையாதது. ஒருவருடைய சூழ்நிலையைக் கருதாமல் பொதுவாக ஒரு பங்கைப் பற்றிக் கருத்துரைப்பதற்குப் பதிவு தேவையில்லை. தமக்கு அப்பங்கில் நலன் இருப்பின் அதனை வெளிப்படுத்தினால் போதும். செய்தித்தாள் பத்தியும் தொலைக்காட்சி உரையாடலும் இவ்விலக்கின் கீழ் அடங்குவன. மாறாக, குறிப்பிட்ட ஒருவருடைய தேவைக்கு ஏற்ப ஆலோசனை கூறுவதைத் தொழிலாகக் கொள்வோர் பதிவு பெற்றாக வேண்டும். அதாவது, ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லப்படுவது கேட்பவரின் நிலையைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது சட்டத்தின் அமைப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று.

பதிவு பெற்றோரிலும் படிநிலைகள் உண்டு. இணையவழிச் சலுகைத் தரகு நிறுவனங்கள் ஆணையை நிறைவேற்ற மட்டுமே உரிமை பெற்றவை. எதை வாங்குவது, எதை விற்பது எனப் பரிந்துரைக்க அவற்றுக்குத் தடை உண்டு. வங்கிக் கிளையில் அமர்ந்திருக்கும் அலுவலர் பெரும்பாலும் பரஸ்பர நிதிகளை விற்கும் உரிமம் மட்டுமே உடையவர். தனிப் பங்கு பற்றி அவரிடம் கேட்டால், கேள்வி நிதித் திட்டம் ஒன்றின் விளக்கமாக மாறிவிடுவதில் வியப்பில்லை. கட்டணம் மட்டும் பெற்றுத் திட்டம் வகுத்துத் தரும் நிதித் திட்டமிடுநர், பங்கு ஆலோசனைக்கான பதிவு பெறாதவராயின், வரியையும் ஓய்வூதியத்தையும் பற்றிப் பேசலாம். இப்பங்கை விற்று அப்பங்கை வாங்குக என்று கூற இயலாது. முழுச்சேவைத் தரகரும் முதலீட்டு மேலாளரும் கூறலாம். ஆனால் அவர்கள் ஏற்கும் கணக்குகள் பொதுவாகப் பெரிய தொகை கொண்டவை. 15,000 டாலர் பெறுமான பெல் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு அக்கதவு எளிதில் திறப்பதில்லை.

கேள்வி மிகுதியாக எழும் இடத்தில் விடையளிக்க உரிமை பெற்றோர் குறைவாக இருக்கும் இம்முரண், முதலீட்டாளர் பாதுகாப்புக்காக வகுக்கப்பட்ட விதிகளின் பக்கவிளைவே ஆகும்.

பகுப்பாய்வாளரின் ஒற்றைச் சொல்

வெற்றிடத்தை நிரப்ப முதலில் வருவது பகுப்பாய்வாளரின் மதிப்பீடு. பெரிய தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் ஒவ்வொரு பங்கிற்கும் ஒரு தரமும் இலக்கு விலையும் வழங்குகின்றன. இலக்கு விலை பெரும்பாலும் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு உரியது. தரச் சொற்களோ பல நேரங்களில் ஒப்பீட்டுச் சொற்கள். 'துறையளவு செயல்படும்' என்னும் தரம், அப்பங்கு உயரும் என்றோ தாழும் என்றோ கூறுவதில்லை. அத்துறையின் பிற பங்குகளை ஒத்து நகரும் என்று மட்டுமே கூறுகிறது. துறை முழுவதும் சரிந்தால், அப்பங்கும் உடன் சரிந்தாலுங்கூட அம்மதிப்பீடு பிழையாகாது. 'வைத்திருக்க' என்று இதனை மொழிபெயர்த்துக்கொள்ளும் முதலீட்டாளர், தமக்குச் சொல்லப்படாத ஓர் உறுதிமொழியைக் கேட்டுவிடுகிறார்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஆய்வு வெளியிடும் நிறுவனத்தின் வேறொரு பிரிவு, அதே பங்கு நிறுவனத்திற்குக் கடன் திரட்டியோ புதுப் பங்கு வெளியிட்டோ கட்டணம் பெற்றிருக்கக்கூடும். இத்தகைய தொடர்புகளை அறிக்கையில் வெளிப்படுத்த வேண்டும் என்பது விதி. அவ்வெளிப்பாடு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் உள்ளது. முதற்பக்கத்தைப் படிப்பதற்கு முன் அப்பக்கங்களைப் படிப்பதே சிறந்த முறை எனலாம்.

பி.சி.இ.: ஒரு பங்கின் நீண்ட கதை

'கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் உரிய பங்கு' என்று வட அமெரிக்கப் பங்குச்சந்தை வழக்கில் ஒரு தொடர் உண்டு. கவலையின்றி வைத்திருக்கத்தக்க, தவறாது ஈவுத்தொகை தரும் பங்கு என்பது அதன் பொருள். பெல் பங்கு கனடாவில் அவ்வாறே போற்றப்பட்டது. 1880இல் கனடிய பெல் தொலைபேசி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது, 1983இல் பி.சி.இ. தாய் நிறுவனமாக உருவானது. அசையாத பங்கு என்று கருதப்பட்ட இதன் கடந்த கால் நூற்றாண்டை உற்று நோக்கினால், 'வைத்திருத்தல்' என்னும் சொல் எத்தனை முடிவுகளைத் தன்னுள் மறைத்துக்கொள்கிறது என்பது புலனாகும்.

முதல் நிகழ்வு 2000ஆம் ஆண்டில். தொலைத்தொடர்புக் கருவிகள் தயாரித்த நார்டெல் நிறுவனத்தில் தான் கொண்டிருந்த பங்குகளின் பெரும்பகுதியை, பி.சி.இ. அவ்வாண்டு மே மாதத்தில் தன் பங்குதாரர்களுக்கே பகிர்ந்தளித்தது. தொலைபேசிக் கட்டணத்தில் பிழைக்கும் அமைதியான நிறுவனத்தை நம்பி முதலிட்டோர், தாம் கேட்காமலேயே உலகின் மிகக் கொதிப்பான தொழில்நுட்பப் பங்கொன்றின் உடைமையாளர் ஆயினர். அவ்வாண்டு ஜூலையில் நார்டெல் பங்கு 124.50 டாலரைத் தொட்டது. டொரொண்டோ சந்தையின் முந்நூறு பங்குக் குறியீட்டில் அந்த ஒரு நிறுவனமே மூன்றிலொரு பங்குக்கு மேல் இடம்பிடித்தது. இரண்டே ஆண்டுகளில் அதன் விலை ஒரு டாலருக்கும் கீழ் இறங்கியது. 2009 ஜனவரியில் நிறுவனம் கடனீந்தோரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. பகிர்ந்தளிக்கப்பட்ட பங்குகளை உடனே விற்றோர் ஒரு முடிவெடுத்தனர். விற்காதோர் முடிவெடுக்கவில்லை என்று எண்ணினர். உண்மையில் அவர்களும் ஒரு முடிவையே எடுத்திருந்தனர்.

அடுத்தது 2006. வருமான அறக்கட்டளை என்னும் அமைப்பு அப்போது கனடாவில் பெருகியிருந்தது. நிறுவன அளவில் வரி செலுத்தாமல் வருவாயை முதலீட்டாளருக்கே வழங்கிவிடும் அமைப்பு அது. பி.சி.இ.யும் அவ்வாறு மாறப்போவதாக அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது. அம்மாதம் 31ஆம் நாள் மாலை, நிதியமைச்சர் ஜிம் ஃப்ளாஹர்ட்டி இவ்வறக்கட்டளைகளுக்கு வரி விதிக்கப்படும் என அறிவித்தார்; முன்னரே இருந்தவற்றுக்கு 2011 வரை காலம் அளிக்கப்பட்டது. மறுநாள் சந்தை திறந்தபோது அறக்கட்டளைகளின் விலை பெரிதும் சரிந்திருந்தது. பி.சி.இ. தன் திட்டத்தைக் கைவிட்டது. எந்தப் பகுப்பாய்வாளரின் கணக்கிலும் இல்லாத இடர் இது. அரசின் ஓர் அறிவிப்பு.

2007இல் ஒன்டாரியோ ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தின் தலைமையிலான குழு, பங்கொன்றுக்கு 42.75 டாலர் தந்து நிறுவனத்தை வாங்க ஒப்பந்தம் செய்தது. பரிமாற்றம் நிறைவேறும் வரை ஈவுத்தொகையைப் பி.சி.இ. 2008இல் நிறுத்திவைத்தது. கடன் சுமையை ஏற்ற பின் நிறுவனம் கடன்தீர் திறனுடன் இருக்கும் என்று கே.பி.எம்.ஜி. கணக்காய்வு நிறுவனம் சான்றளிக்க இயலாததால், 2008 டிசம்பரில் ஒப்பந்தம் முறிந்தது. 42.75 டாலரை எதிர்பார்த்து வைத்திருந்தோருக்கு அத்தொகையும் கிட்டவில்லை. இடைக்கால ஈவுத்தொகையும் கிட்டவில்லை.

அதன்பின் ஈவுத்தொகை ஆண்டுதோறும் உயர்ந்துவந்தது. இந்நீண்ட உயர்வே அடுத்த ஏமாற்றத்துக்கு வித்திட்டது என்று கருத இடமுண்டு. 2022 மார்ச்சில் 0.25 விழுக்காட்டிலிருந்து உயரத் தொடங்கிய கனடிய வங்கியின் அடிப்படை வட்டி, 2023 ஜூலையில் 5 விழுக்காட்டை எட்டியது. கடன் மிகுந்த தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு இது இருமுனைக் கத்தி: கடனுக்கான வட்டிச் செலவு ஏறியது, அதே வேளையில் வங்கி வைப்பே 5 விழுக்காடு தரும்போது ஈவுத்தொகைக்காகப் பங்கு வாங்குவோரின் ஆர்வம் குறைந்தது. 2024 நவம்பரில் அமெரிக்காவின் சிப்லி ஃபைபர் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தபோதே, ஈவுத்தொகை உயர்வு நிறுத்திவைக்கப்படுவதாகவும் பி.சி.இ. கூறிவிட்டது.

விலை 30 டாலராகவும் ஈவுத்தொகை 3.99 டாலராகவும் இருந்தபோது, கணக்குப்படி ஈவு விகிதம் 13 விழுக்காட்டுக்கு மேல். இவ்வெண்ணைக் கண்டு வாங்கியோர் பலர். ஈவு விகிதம் என்பது ஒரு பின்னம். தொகுதி நிறுவனத்தின் வாக்குறுதி, பகுதி சந்தையின் நம்பிக்கை. பகுதி சுருங்குவதால் உயரும் விகிதம், தொகுதியும் சுருங்கப்போகிறது என்று சந்தை கருதுவதன் அடையாளம். இச்சூழலில் பார்க்க வேண்டிய எண் வேறொன்று: மூலதனச் செலவு போக எஞ்சும் பணவரவில் எத்தனை பங்கு ஈவுத்தொகையாகச் செல்கிறது என்பது. பி.சி.இ. தானே வகுத்திருந்த கொள்கை வரம்பு 65 முதல் 75 விழுக்காடு. வெட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் வழங்கப்பட்ட ஈவுத்தொகை, எஞ்சிய பணவரவையே மிஞ்சியிருந்தது. 2025இல் வரம்பு 40 முதல் 55 விழுக்காடாகத் திருத்தப்பட்டது. இவை அனைத்தும் நிறுவனத்தின் காலாண்டு அறிக்கைகளில் எவரும் காணக்கூடியவை. கேள்வியின் ஒரு பாதிக்கு, அதாவது பங்கைப் பற்றிய பாதிக்கு, விடை இங்கே உள்ளது.

கணக்கு மாறினால் விடையும் மாறும்

மறுபாதி கேட்பவரிடம் உள்ளது. மூவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். மூவரிடமும் தலா 500 பி.சி.இ. பங்குகள், விலை 30 டாலர், எனவே தலா 15,000 டாலர்.

முதலாமவர் சாதாரணக் கணக்கில் சராசரி 60 டாலருக்கு வாங்கியவர். விற்றால் மூலதன இழப்பு 15,000 டாலர். கனடிய வரிமுறையில் மூலதன ஆதாயத்தில் பாதியே வரிக்குரியது. இழப்பிலும் பாதியே கழிக்கத்தக்கது. ஆக 7,500 டாலரை வரிக்குரிய மூலதன ஆதாயங்களுக்கு எதிராக மட்டும் கழிக்கலாம். கடந்த மூன்றாண்டுகளுக்குப் பின்னோக்கியும், வருங்காலத்துக்குக் கால வரம்பின்றியும் கொண்டுசெல்லலாம். அவர் முன்பு வேறு பங்குகளில் ஆதாயம் ஈட்டி வரி செலுத்தியிருந்து, அவருடைய வரி விகிதம் 40 விழுக்காடாக இருப்பின், விற்பதனால் 3,000 டாலர் வரை வரி திரும்பக் கிடைக்கும். அவரைப் பொறுத்தவரை விற்பனைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. அது நிறுவனத்தின் எதிர்காலத்தோடு தொடர்பற்றது.

இரண்டாமவர் அதே 60 டாலருக்கு, வரியற்ற சேமிப்புக் கணக்காகிய டி.எஃப்.எஸ்.ஏ.யில் வாங்கியவர். 2009இல் தொடங்கப்பட்ட இக்கணக்கில் ஆதாயத்துக்கு வரி இல்லை. ஆகவே இழப்புக்கும் சலுகை இல்லை. இன்னும் நுட்பமான இழப்பொன்று உண்டு. இக்கணக்கிலிருந்து எடுக்கும் தொகை மறு ஆண்டு செலுத்து வரம்பில் மீளச் சேரும். ஆனால் எடுத்த தொகையே சேரும், இட்ட தொகை அன்று. 30,000 டாலர் வரம்பு 15,000 டாலராகக் கரைந்துவிட்டது. இவருக்கு வரியின் பொருட்டு விற்கவும் காரணமில்லை, வைத்திருக்கவும் காரணமில்லை. எனவே தூய முதலீட்டுக் கேள்வியை எதிர்கொள்பவர் இவர் ஒருவரே: 15,000 டாலர் இன்று ரொக்கமாகக் கையில் இருந்தால், இப்பங்கையே வாங்குவாரா?

மூன்றாமவர் முதியவர், பல்லாண்டுகளுக்கு முன் 15 டாலர் சராசரியில் சாதாரணக் கணக்கில் வாங்கியவர். வெட்டு நிகழ்ந்த பின்னும் அவர் ஆதாயத்தில்தான் உள்ளார். விற்றால் 7,500 டாலர் ஆதாயம். அதில் 3,750 டாலர் வருமானத்தில் சேரும். இவருக்கு வரியைவிட முதியோர் உதவித்தொகையே பெரிய கவலை. கனடிய நிறுவனங்களின் தகுதியுள்ள ஈவுத்தொகை, வரிக் கணக்கில் 38 விழுக்காடு பெருக்கிக் காட்டப்பட்டு, பின்னர் அதற்கு வரிக் கழிவு அளிக்கப்படுகிறது. 1,000 டாலர் பெற்றவர் 1,380 டாலர் வருமானம் காட்டுகிறார். வரி குறைவுதான், ஆனால் உதவித்தொகையைக் கணக்கிடும்போது பார்க்கப்படுவது பெருக்கிய எண்ணே. நிகர வருமானம் 2025இல் ஏறத்தாழ 93,000 டாலரைத் தாண்டினால், மிகும் தொகையில் 15 விழுக்காடு முதியோர் உதவித்தொகையிலிருந்து மீட்கப்படும். குறைந்த வருமானமுடைய முதியோர் பெறும் துணை உதவித்தொகையோ இன்னும் விரைவாகக் குறையும். ஈவுத்தொகை வரிச் சலுகை உடையது என்று கேட்டு மகிழ்ந்து வாங்கிய ஏழை முதியவருக்கு அது ஒரு பாதகமாகவே முடியலாம். அதே பங்கு டி.எஃப்.எஸ்.ஏ.யில் இருந்தால் இச்சிக்கல் எழாது.

விற்று மீண்டும் வாங்க எண்ணுவோர் அறிய வேண்டிய விதி ஒன்றுண்டு. விற்பனைக்கு முன்னோ பின்னோ 30 நாள்களுக்குள் அதே பங்கை முதலீட்டாளரோ, அவர் வாழ்க்கைத் துணையோ, அவர்களுடைய சேமிப்புக் கணக்குகளோ வாங்கி, அக்காலத்தின் முடிவிலும் வைத்திருந்தால், இழப்பு மறுக்கப்படும். சாதாரணக் கணக்கில் மீள வாங்கியிருந்தால் மறுக்கப்பட்ட இழப்பு புதுப் பங்கின் அடக்க விலையில் சேரும். ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலோ டி.எஃப்.எஸ்.ஏ.யிலோ வாங்கியிருந்தால் அடியோடு அழியும். ஈவுத்தொகையைத் தானாகவே மறுமுதலீடு செய்யும் ஏற்பாடு இருப்பின், ஒரு சில பங்குகள் அறியாமலேயே வாங்கப்பட்டு, அந்த அளவுக்கு இழப்பு மறுக்கப்படும். விற்பதற்கு முன் அவ்வேற்பாட்டை நிறுத்துவது நன்று.

வரி விதியும் நிலையானதன்று. ஆதாயத்தில் வரிக்குரிய பங்கு 1990களில் நான்கில் மூன்றாக இருந்தது. 2000 அக்டோபர் முதல் பாதி. ஆண்டுக்கு 250,000 டாலருக்கு மேற்பட்ட ஆதாயத்தில் அதனை மூன்றில் இரண்டாக உயர்த்த 2024இல் முன்மொழியப்பட்டது. 2025 மார்ச்சில் கைவிடப்பட்டது. உயர்வுக்கு அஞ்சி 2024 ஜூனில் அவசரமாக விற்றோர் செலுத்திய வரி திரும்ப வரவில்லை.

கேட்கத்தக்கவரிடம் கேட்பது

பதிவு பெற்ற ஆலோசகரை அணுக முடிந்தோருக்கு, 2021 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தங்கள் குறிப்பிடத்தக்க பாதுகாப்பை அளிக்கின்றன. பரிந்துரை செய்யுமுன் ஆலோசகர் வாடிக்கையாளரின் வருமானம், குறிக்கோள், காலவரை, இழப்பைத் தாங்கும் மனநிலை, தாங்கும் பொருள்நிலை ஆகியவற்றை அறிய வேண்டும். ஒரே பங்கில் பணம் குவிவதன் விளைவையும் செலவையும் மாற்று வழிகளையும் எண்ண வேண்டும். வாடிக்கையாளரின் நலனை முதன்மையாகக் கொள்ள வேண்டும். முதலீட்டாளரைப் பற்றிய பாதி, விதியின்படி கேட்கப்பட்டே ஆக வேண்டிய பாதியாகிறது. முழுச்சேவைத் தரகரைப் பொறுத்தவரை, 'வைத்திருங்கள்' என்று கூறுவதும் ஒரு பரிந்துரையே. அதற்கும் அவர் பொறுப்பாளி.

கணக்குத் தொடங்கும்போது நிரப்பும் படிவத்தைப் பலர் ஒரு சடங்காகக் கருதிக் கையொப்பமிடுகின்றனர். பின்னாளில் வழக்கு எழுந்தால் முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது அப்படிவந்தான். 'இழப்பைத் தாங்கும் தன்மை: உயர்வு' என்று அலுவலர் குறித்ததை ஓய்வு பெற்ற ஒருவர் படிக்காமல் ஒப்புக்கொண்டிருந்தால், பொருத்தமற்ற ஆலோசனை என்னும் அவர் முறையீடு பெரிதும் வலுவிழக்கும். ஆலோசகரின் பெயரும் பதிவு வகையும் ஆணையங்களின் கூட்டமைப்பு நடத்தும் பொதுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடத்தக்கவை. அவர் பரஸ்பர நிதி மட்டும் விற்பவரா, பங்குகள் பற்றியும் பேசக்கூடியவரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முறையீட்டை முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்து மூலம் அளிக்க வேண்டும். தீராதவிடத்து, வங்கி, முதலீட்டுச் சேவைகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பாகிய ஒப்சியை அணுகலாம். 350,000 டாலர் வரை இழப்பீடு பரிந்துரைக்க அதற்கு இயலும், கட்டணம் இல்லை. தரகு நிறுவனம் நொடித்துப்போனால் கணக்கிலுள்ள சொத்தை ஈடுசெய்யும் பாதுகாப்பு நிதியும் தனியே உண்டு. பொதுக் கணக்குகளுக்கு 10 லட்சம் டாலர் வரை. பங்கின் விலை 70 டாலரிலிருந்து 30 டாலருக்கு வீழ்ந்ததற்கு அந்நிதியில் ஈடு கிடையாது.